ஓட்டுப் போட்ட மறுநாள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள். "நல்லாப் படிங்க, முன்னுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் உங்கள் தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. "ஐயா, நம்ம பெற்றோர்களுக்கு ஓட்டுரிமையைப் பற்றியும் குடிமக்கள் கடமையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் கட்சி பேச வரவில்லை. எந்தச் சின்னத்துக்குப் போடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஓட்டுப் போடுவதைப் பற்றிக் கொஞ்சமும், ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து நாம் செய்ய வேண்டியதைப் பற்றி அதிகமும் பேசப் போகிறேன். கூடவே, என்னுடைய ஒரு தவற்றையும் இந்த மேடையில் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. என் அப்பா பால் மரம் வெட்டினார். அம்மா களை எடுத்தார். லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு எப்படியோ தட்டுத்தடுமாறி மேலே படித்து, ஓர் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். ஆகவே, மக்கள் நிற்கும் பக்கமும் எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கமும் எனக்குத் தெரியும்.

பெரியோர்களே, இந்த ஓட்டு நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தது 1955-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள். 52 இடங்களுக்குத் தேர்தல். நாடு முழுவதும் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்கள். அதில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள், 11 பேர் சீனர்கள். நம் இந்தியர்களும் மற்றவர்களும் எல்லாருமாகச் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் நம்மவர்கள் லட்சக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் குடியுரிமை இல்லாததால் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை.

1957-இல் சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்கு வழியும் பிறந்தது. மனுச் செய்தவர்களுக்குக் கிடைத்தது. "எதுக்கு இந்தக் காயிதம் எல்லாம்? நாளைக்கு ஊருக்குப் போயிடப் போறோம்" என்று இருந்தவர்களுக்கும், எங்கே போய் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கும் கிடைக்கவில்லை. அதன் பலன் 1969-இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். எங்கள் லயத்திலிருந்தே இரண்டு குடும்பங்கள் போயின. சட்டி பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கோழியை விற்றுவிட்டுப் போனார்கள். இங்கேயே பிறந்த அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன். அவனை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

என் பாட்டி சாகும் வரை சிவப்பு அடையாளக் கார்டுதான் வைத்திருந்தார். 1969 மே மாதத் தேர்தல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. பாட்டிக்கு ஓட்டுக் கிடையாது. ஆனாலும் துவைத்து மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, அப்பா அம்மாவோடு பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். வேலியோரம் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா வெளியே வந்ததும், "போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சும்மா" என்றார் அப்பா. "சரி, என் பங்கையும் சேர்த்துப் போட்டதா நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். கிடைக்காதவருக்குத்தான் அதன் அருமை தெரிந்திருந்தது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. முன்பெல்லாம் 21 வயதானாலும், நாமே போய்ப் பதிந்தால்தான் ஓட்டு. 2019 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவை ஒருமனதாக, 211 உறுப்பினர்களின் ஆதரவோடு, அரசியலமைப்பைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின் இந்தப் பகுதிகள் 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கின்றன: 18 வயதானால் ஓட்டு உண்டு, பெயரும் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். 2018 பொதுத் தேர்தலில் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் 19-இல் நடந்த பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது ஒன்று, சாவடிக்குக் கால் போவது வேறு. 18 வயதுக்காரர்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 2022 மார்ச் மாதம் நடந்த ஜோகூர் சட்டமன்றத் தேர்தலில். அதில் நூற்றுக்கு 55 பேர்தான் வந்தார்கள். அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில் நூற்றுக்கு 74 பேர். 2018-இல் வந்தவர்களோ 82 பேர். கதவைத் திறந்து வைத்தார்கள், நுழைகிறவர்கள் குறைந்தார்கள்.

இங்கே தோட்டத்து மக்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். தோட்டம் விற்றுப்போய், நம்மில் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய்விட்டோம். ஆனால் கார்டில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி! லயமே இடிந்துபோய்விட்டது, ஓட்டு மட்டும் அங்கேயே குடியிருக்கிறது. முதலில் பதிவு இலாகாவில் கார்டின் முகவரியை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பம் செய்யுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது.

இன்னொன்று. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வாக்களிப்பு நாளில் தொழிலாளிக்கு ஓட்டுப் போட நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று அது முதலாளிக்குக் கட்டளை போடுகிறது. அதே சட்டம் நம்மையும் பார்த்துப் பேசுகிறது: ஓட்டுக்காகக் காசு கொடுப்பதும் விருந்து வைப்பதும் குற்றம்; அதை வாங்குவதும் குற்றம். "அரிசி மூட்டை கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன், அதுல என்னாங்க?" என்று கேட்கிறோம். அந்த அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மீதி ஐந்தாண்டுக்கு எந்த மூட்டையைக் கேட்பது?

இனி மறுநாளுக்கு வருகிறேன். ஓட்டுப் போட்டோம், விரலில் மை வைத்தார்கள். மை ஒரு வாரம் பத்து நாளில் அழிந்துபோகும். அதோடு நம் குடியுரிமை வேலையும் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். "எல்லாம் தலைவர் பார்த்துக்குவாரு, ஒய்.பி. பார்த்துக்குவாரு" என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். இது தோட்டத்துப் பழக்கம். அன்று பெரட்டில் நின்றால் கங்காணி வேலை காட்டுவார். மருந்தென்றால் டிரெசரிடம் போவோம். மற்றதென்றால் கிராணியைக் கேட்போம். எல்லாவற்றுக்கும் மேலே துரை இருந்தார். தோட்டம் தனியார் நிலம் என்பதால், தண்ணீர், சாலை, விளக்கு எல்லாமே நிர்வாகத்தின் கையில். அரசாங்க அலுவலகத்துப் படி ஏறும் பழக்கமே நமக்கு வராமல் போயிற்று. தோட்டம் போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

நம் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற பல காரியங்கள் கோலாலம்பூரில் முடிவாவதில்லை. கால்வாய், தெரு விளக்கு, சந்தைக் கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் ஊராட்சி மன்றத்தில் முடிவாகின்றன. ஒரு காலத்தில் அதற்கும் தேர்தல் இருந்தது. 1951-இல் ஜார்ஜ்டவுன் நகரில் அப்படி ஒரு தேர்தல் நடந்தது. 1965-இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்தியது. ஆகவே, நம் வாசலுக்கு மிக அருகில் உள்ள ஆட்சிக்கு நம்மிடம் ஓட்டுச் சீட்டு இல்லை. அப்படியென்றால் அங்கே நமக்கு வாயே இல்லையா? இருக்கிறது. அந்தச் சட்டத்திலேயே, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மன்றமே தீர்மானம் போட்டுக் கதவை மூடினால்தான் விலக்கு. நான் வேலை பார்த்த காலத்தில் பொதுமக்கள் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஒரு நாற்காலியில்கூட நம் தோட்டத்து முகத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்துக்கு நிலத் திட்டம் போடும்போது, எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எங்கே சாலை, எங்கே திடல் என்று வரைபடம் தயாரிப்பார்கள். அந்த நகல் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் சொன்னவர் நேரில் பேசக் கேட்டால், அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு திட்டம் பார்வைக்கு வைக்கப்பட்டது. அறிவிப்புத் தாளைப் பலகையில் ஒட்டியவன் நான். சுவரில் பெரிய வரைபடம், கலர் கலராக. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்த பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. கட்டடத்துக்குப் பள்ளி நிறம் பூசியிருந்தது. பக்கத்தில் நாங்கள் ஓடி விளையாடிய திடலுக்குக் கடை வீடுகளின் நிறம். அந்தத் திடல் பள்ளியின் பேரில் இல்லை. தோட்ட நிர்வாகம் விட்டுக்கொடுத்திருந்த நிலம். தோட்டம் கைமாறிய பிறகு அது வரைபடத்தில் வெறும் காலி மனை.

நான்கு வாரம் அந்தத் தாள் தொங்கியது. பக்கத்துத் தாமான்காரர்கள் வந்தார்கள். ஒரு லாரி டிரைவர்தான் முன்னே நின்றார். சிறுவர் பூங்கா வழியாகச் சாலை போகக் கூடாது என்று ஒரு பக்கக் கடிதம், கீழே அறுபது கையெழுத்து. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், அவர் போய்ப் பேசினார், சாலை கொஞ்சம் தள்ளிப் போயிற்று. என் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அரசாங்க வேலைக்காரன், நமக்கு ஏன் வம்பு என்று நினைத்தேன். அது ரகசியத் தாள் இல்லை. ஊருக்குத் தெரிய வேண்டும் என்றே ஒட்டிய தாள். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். "யாராவது சொல்லியிருப்பாங்க, தலைவர் பார்த்துக்குவாரு" என்று நானும் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு அழைத்திருந்தார்கள். போட்டி அந்தப் பள்ளியில் நடக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு பள்ளியின் திடலை இரவல் வாங்கி, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என்னோடு படித்த கூட்டாளி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் காயிதம் உன் ஆபீஸ்லதானே தொங்குச்சு?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் எழுதிக் கேட்டிருந்தால் திடல் நிச்சயம் நிலைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறு. ஆனால் அறுபது கையெழுத்துக்குச் சாலையே தள்ளிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நாம் கேட்கவே இல்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நாம் அழுதோம், வாஸ்தவம். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு காப்பிக் கடையில் உட்கார்ந்து அழுதோம்.

ஆகவே பெற்றோர்களே, அலுவலகத்தில் பல ஆண்டு கழித்தவன் என்ற முறையில் சில யோசனைகள் சொல்கிறேன்.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்தில் கேளுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். எந்த இடம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் கையெழுத்தும் வையுங்கள். பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் நல்லது; நூறு பேர் இருந்தால் மிக நல்லது. இரண்டு நகல் கொண்டு போய், ஒன்றில் சாப்பு குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாப்பு இல்லாவிட்டால் "கடிதம் வரவில்லை" என்று சொல்வது சுலபம். சாப்பு இருந்தால் ஒரு மாதம் கழித்துத் தைரியமாகப் போய்க் கேட்கலாம். மலாயில் எழுத வராதே என்று தயங்காதீர்கள். உங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதும். நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். அதுவே அவனுக்குப் பாடம்.

மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் மன்ற அலுவலகத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்து வரட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதற்கு ஒருவரை நியமிக்கலாம். முதல் வேலையாக, இந்தப் பள்ளிக் கட்டடமும் திடலும் யார் பேரில் இருக்கின்றன என்று நில அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தைப் பார்க்காமல் "நம்ம பள்ளிக்கூடம், நம்ம திடல்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். இன்றைக்கு இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று செயலாளரைக் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஐயா, அந்தக் கூட்டம்தான் நமக்குச் சட்டமன்றம். கணக்கைக் கேட்கவும், தீர்மானம் முன்மொழியவும், கை தூக்கவும், தோற்றால் ஏற்றுக்கொள்ளவும் அங்கேதான் பழக வேண்டும். தாய்மார்களே, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து காதோடு காதாகப் பேசுவதை முன்வரிசைக்கு வந்து சத்தமாகச் சொல்லுங்கள். கால்வாய் நாறுவதும் பஸ் வராததும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

யாரிடமும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மனிதர்தான். ஒரு தடவை வருபவரை அவர் மறந்துவிடுவார். மூன்றாம் தடவை வருபவரின் கோப்பை மேலே எடுத்து வைப்பார். நானே அப்படி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, அன்புச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! உங்களுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் ஆறே ஆண்டில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறிவிடும். உங்கள் பாட்டன் பூட்டன் பலருக்குச் சாகும் வரை கிடைக்காத ஒன்று, நீங்கள் மனுவே போடாமல் வீடு தேடி வரப் போகிறது. சுலபமாக வந்தது என்பதற்காக அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வகுப்புத் தலைவரை நீங்களே கை தூக்கித் தேர்ந்தெடுங்கள். அவன் வேலை செய்யாவிட்டால் பின்னால் நின்று கேலி பேசாமல், முன்னால் நின்று கேளுங்கள். பள்ளிக் குழாயில் தண்ணீர் ஒழுகினால் தலைமையாசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இன்று குழாய்க்கு எழுதும் கை நாளை சாலைக்கும் திடலுக்கும் எழுதும்.

உங்கள் பள்ளித் திடலை வரும்போது பார்த்தேன். ஓரத்தில் லாலான் முளைத்திருக்கிறது, கோல் கம்பத்தில் துரு ஏறியிருக்கிறது. ஆனாலும் திடல் இருக்கிறது. பரிசு வாங்கிய பிள்ளைகளும் வாங்காத பிள்ளைகளும் விழா முடிந்ததும் அங்கேதான் ஓடப் போகிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.